ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: பரிமாற்ற மாணவராகப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நம் வீடுகளில் பேச்சு நேராக எம்.எஸ். பக்கம் போய்விடுகிறது. பி.இ. முடிக்க வேண்டும், ஐ.இ.எல்.டி.எஸ். எழுத வேண்டும், வீட்டை அடமானம் வைத்தாவது கடன் புரட்ட வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. இங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்து, அந்தக் கிரெடிட்டோடு திரும்பி வந்து, சொந்தக் கல்லூரியிலேயே பட்டம் வாங்கலாம். பல மாணவர்களுக்கு இது மூன்றாம் ஆண்டு முடியும்போதுதான் காதில் விழுகிறது. அதற்குள் விண்ணப்பிக்கும் காலம் தாண்டிவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவரின் கைக்கு இது போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எல்லா நாடுகளையும் தொட்டு எழுதினால் எதுவுமே உருப்படியாகச் சொல்ல முடியாது. ஜெர்மனியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சென்னை ஐ.ஐ.டி. 1959இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கப்பட்டது. ஒரகடத்தில் டைம்லர் லாரி ஆலையும் மறைமலை நகர்ப் பக்கம் பி.எம்.டபிள்யூ. ஆலையும் இருக்கின்றன. கோவையில் பாஷ் நிறுவனத்தின் பெரிய மென்பொருள் மையம் இயங்குகிறது. ஆகவே அங்கே படித்த ஆறு மாதத்துக்கு இங்கேயும் விலை உண்டு. பொறியியல் மாணவர்களை மனதில் வைத்து எழுதினாலும் பெரும்பகுதி அறிவியல், கலை மாணவர்களுக்கும் பொருந்தும்.

முதலில்: இது உண்மையான பரிமாற்றமா?

பரிமாற்றம் என்றால் உங்கள் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும். உங்களை அனுப்புவது உங்கள் கல்லூரி. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, வழக்கமான கட்டணத்தை இங்கேயே கட்டுவீர்கள். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் எப்படியும் கட்டணம் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையும் இப்போது வாங்குகிறது. ஒப்பந்தம் வழியாகப் போகும் பரிமாற்ற மாணவருக்கு இந்தக் கட்டணம் வராது.

ஒப்பந்தம் இல்லாமல் தானாக விண்ணப்பித்துப் போவது வேறு. இரண்டு வார 'சம்மர் ஸ்கூல்' வேறு. 'செமஸ்டர் அப்ராட்' என்று பெயர் போட்டு, தொகுப்புக் கட்டணம் வாங்கி அழைத்துப் போகும் திட்டங்களும் வேறு. அவற்றையெல்லாம் தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் பரிமாற்றத்தில் ஏஜென்ட்டுக்கு வேலையே கிடையாது. உங்கள் கல்லூரியின் வெளிநாட்டு உறவு அலுவலகம், அங்குள்ள பல்கலையின் இன்டர்நேஷனல் ஆபீஸ், நீங்கள் என்று மூன்றே தரப்பு. நான்காவதாக ஒருவர் வந்து இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் விலகிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கல்லூரி அறிவிப்புப் பலகையை நம்ப வேண்டாம். பல ஒப்பந்தங்கள் போட்டோ எடுத்ததோடு அலமாரிக்குள் போய்விடுகின்றன. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் எந்தெந்த வெளிநாட்டுக் கல்லூரிகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன என்ற பட்டியலை அந்நாட்டு ரெக்டர்கள் மாநாடான ஹெச்.ஆர்.கே. இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே இந்தியா என்று போட்டு உங்கள் கல்லூரியைத் தேடுங்கள். பெயர் இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகலாம். பெயர் இல்லாவிட்டால் இருக்கிற வழி, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. நடத்தும் 'வைஸ்' திட்டம். அது செமஸ்டர் படிப்பு இல்லை, அறிவியல், பொறியியல் இளநிலை மாணவர்கள் ஜெர்மன் ஆய்வகத்தில் இரண்டு மூன்று மாதம் உதவித்தொகையோடு பயிற்சி பெறுவது. எல்லாக் கல்லூரி மாணவர்களும் இதற்குத் தகுதி பெறுவதில்லை. எனவே அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டு ஆசை வையுங்கள்.

எந்த செமஸ்டரில் போவது?

எந்த ஊர், எந்தப் பல்கலை என்று பேசுவதற்கு முன்னால் முடிவாக வேண்டியது இதுதான். இதில் பிசகினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயன் பாதியாகிவிடும்.

ஜெர்மன் பல்கலைகளில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும், தேர்வுகள் அதையொட்டி வரும். கோடைகால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. வகுப்பு ஜூலையோடு முடிந்து, தேர்வுகள் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். ஃபாக்ஹோக்ஷூலே எனப்படும் செயல்முறைக் கல்விப் பல்கலைகள் ஒரு மாதம் முன்னால், அதாவது செப்டம்பரிலும் மார்ச்சிலும் தொடங்கிவிடும்.

நம் செமஸ்டர்களை இதன் மேல் வைத்துப் பாருங்கள். ஐந்தாம் செமஸ்டரில் குளிர்காலப் பருவத்துக்குப் போனால் அங்கே தேர்வு முடிய பிப்ரவரி கடைசி ஆகும். இங்கே ஆறாம் செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கியிருக்கும். 75 சதவீத வருகைப் பதிவு அப்போதே போய்விட்டது. ஏழாம் செமஸ்டரில் போனால் பிளேஸ்மென்ட் சமயத்தில் ஊரில் இருக்க மாட்டீர்கள். நிறுவனங்கள் வருகிற ஆகஸ்ட், செப்டம்பரில் நேரில் இல்லாதவருக்காக யாரும் காத்திருப்பதில்லை.

என் பரிந்துரை ஆறாம் செமஸ்டர், அதாவது ஜெர்மன் கோடைப் பருவம். டிசம்பரில் ஐந்தாம் செமஸ்டர் தேர்வு முடிகிறது. ஜனவரி, பிப்ரவரி விசாவுக்கும் ஜெர்மன் மொழிக்கும் கிடைக்கும். ஃபாக்ஹோக்ஷூலே என்றால் மார்ச்சில் தொடங்கி ஜூலையில் தேர்வை முடித்துக்கொண்டு பிளேஸ்மென்ட்டுக்கு வந்துவிடலாம். மற்ற பல்கலை என்றால் ஏழாம் செமஸ்டரின் முதல் சில வாரங்கள் கொஞ்சம் இடிக்கும். அதற்கான அனுமதியைப் போவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு நல்ல வாய்ப்பு, கையில் வேலை ஆணை இருக்கும் நிலையில் எட்டாம் செமஸ்டர் ப்ராஜெக்டை ஜெர்மன் ஆய்வகம் ஒன்றில் செய்வது. அப்போது கிரெடிட் தலைவலியும் குறைவு, ஏனென்றால் மாற்ற வேண்டியது ஒரே ஒரு பாடம்தான்.

முடிந்தால் செமஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னதாகவே போய், பல்கலை நடத்தும் தொடக்க ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். பிப்ரவரி நடுவில் போய் ஆகஸ்ட் நடுவில் திரும்பினால் ஆறு மாதம் நிறைகிறது. அந்த ஆறு மாதக் கணக்குக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, வேலை பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

கல்லூரிக்குள் முடிக்க வேண்டிய வேலை

போகிற செமஸ்டருக்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். வழக்கமாகக் கேட்பவை: அரியர் இருக்கக்கூடாது, சி.ஜி.பி.ஏ. ஓரளவு நன்றாக இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். தேர்வானதும் கல்லூரி உங்கள் பெயரை அங்கே அனுப்பும். இதை நாமினேஷன் என்பார்கள். கோடைப் பருவத்துக்கு இது பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் நடந்துவிடும். நாமினேஷன் போன பிறகுதான் நீங்கள் அந்தப் பல்கலையின் தளத்தில் விண்ணப்பிக்க முடியும்.

அடுத்து வருவது லேர்னிங் அக்ரிமென்ட். அங்கே எந்தெந்தப் பாடம் படிப்பீர்கள், அது இங்கே எந்தப் பாடத்துக்குப் பதிலாகும் என்று மூன்று தரப்பும் கையெழுத்திடும் தாள். இதைச் சடங்காக நினைத்து நிரப்புகிறவர்கள்தான் திரும்பி வந்து, போன செமஸ்டர் பாடங்களை மறுபடி எழுதுகிறார்கள்.

ஐரோப்பாவில் கிரெடிட்டை இ.சி.டி.எஸ். என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். ஒரு செமஸ்டருக்கு 30, ஒரு ஆண்டுக்கு 60. ஜெர்மனியில் ஒரு இ.சி.டி.எஸ். என்பது ஏறத்தாழ 30 மணி நேர உழைப்பு, வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து. நம் ஊர்க் கிரெடிட் வகுப்பு நேரத்தை வைத்து வருவது. எனவே ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. ஒன்றரைக்கு ஒன்றா, இரண்டுக்கு ஒன்றா என்பதை உங்கள் கல்லூரிதான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் போன பிறகு இல்லை, போகும் முன்.

மதிப்பெண்ணும் அப்படித்தான். அங்கே 1.0 என்பதே உச்சம். 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. 1.3 வாங்கிய மாணவரின் தாளைப் பார்த்து நம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புருவம் உயர்த்துவார்கள், பத்துக்கு ஒன்றேகாலா என்று. எந்த ஜெர்மன் மதிப்பெண் இங்கே எந்தக் கிரேடு ஆகும் என்ற அட்டவணையைத் துறைத்தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன "வாங்கப்பா, பாத்துக்கலாம்" என்பதற்கு, சொன்னவர் வேறு துறைக்கு மாறிய பிறகு மதிப்பு இருக்காது.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது தேவையைவிட இரண்டு அதிகமாகப் பட்டியலிடுங்கள். அங்கே போனதும் ஒரு பாடம் ஜெர்மனில் மட்டும் நடக்கும், இன்னொன்று இந்த முறை நடக்காது, மூன்றாவது வேறொன்றோடு மோதும். மாற்றினால் புதிய லேர்னிங் அக்ரிமென்ட்டை மின்னஞ்சலில் அனுப்பி மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். உள்ளூர்க் கட்டாயப் பாடங்களை அங்கே தேடாமல், விருப்பப் பாடங்களை அந்த செமஸ்டருக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. விருப்பப் பாடத்துக்கு ஈடு சொல்வது எல்லோருக்கும் எளிது.

ஊரைப் பற்றிச் சுருக்கமாக: பெர்லின், மியூனிக் என்று ஆசைப்பட வேண்டாம். உங்கள் துறையில் வேலை செய்யும் ஆய்வகம் எந்தப் பல்கலையில் இருக்கிறதோ அங்கே போங்கள். கெம்னிட்ஸ், இல்மெனாவ், மாக்டபுர்க் போன்ற ஊர்களில் வாடகை மியூனிக்கோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, பேராசிரியரைப் பார்ப்பதும் எளிது.

மொழி

ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்களே போதும் என்றாலும் ஏ1, முடிந்தால் ஏ2 வரை ஜெர்மன் படித்துவிட்டுப் போங்கள். ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவில் இவை முதல் இரண்டு படிகள், பி1, பி2 அடுத்தவை. சென்னை நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் எனப்படும் கோத்தே நிறுவனம் இருக்கிறது. ஆய்வகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். மாநகராட்சி அலுவலகத்தில், வீட்டுக்காரரிடம், தபாலில் வரும் கடிதத்தில் ஜெர்மன்தான். ஜெர்மன் அலுவலகங்கள் இன்றும் காகிதக் கடிதத்தில்தான் முக்கியமானதைச் சொல்லும்.

பணமும் விசாவும்

ஆறு மாதச் செலவுக்கு வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குப் பெரும்பாலோர் வைப்பது முடக்கக் கணக்கு. ஒரு தொகையை முன்னதாகவே கட்டி, அங்கே போன பின் மாதா மாதம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. 2024 செப்டம்பர் முதல் இதன் அளவு மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 6 லட்சம் ரூபாய். இது கட்டணம் இல்லை, உங்கள் பணம், உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்தான். அப்பா அம்மாவிடம் இதை முதலிலேயே விளக்கிவிடுங்கள். "ஆறு லட்சம் கட்டணும்" என்று பாதி மட்டும் கேட்டு மறுத்துவிட்ட வீடுகள் உண்டு.

உதவித்தொகைக்கும் வழி இருக்கிறது. இரண்டு கல்லூரிகளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் கூட்டாகப் பணம் பெற்றிருந்தால், அங்கே போகும் மாணவருக்கு மாதம் 800 முதல் 900 யூரோ வரையும் பயணப் படியும் கிடைக்கும். பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலப் பல்கலைகளுக்குப் போகிறவர்கள் அந்த மாநிலத்தின் உதவித்தொகை பற்றிக் கேளுங்கள். இரண்டிலும் நீங்கள் தனியாக விண்ணப்பிக்க முடியாது, பல்கலைதான் பெயரை முன்வைக்கும். அதனால் "எங்கள் ஒப்பந்தத்தில் உதவித்தொகை இருக்கிறதா?" என்று அங்குள்ள இன்டர்நேஷனல் ஆபீசுக்கு ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள். கேட்காததாலேயே இழந்தவர்கள் அதிகம்.

விசா, 90 நாட்களுக்கு மேல் தங்குவதற்கான தேசிய விசா. கட்டணம் 75 யூரோ. சேர்க்கைக் கடிதம், கல்லூரியின் தடையில்லாச் சான்று, நிதி ஆதாரம், காப்பீடு, ஏன் போகிறீர்கள் என்ற விளக்கக் கடிதம் ஆகியவை முக்கியமானவை. முழுப் பட்டப்படிப்புக்குப் போகிற இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல், இங்குள்ள கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயமாகியிருக்கிறது. எம்.எஸ். போன அண்ணன் செய்ததை அப்படியே செய்யாமல், பரிமாற்றத்துக்கு என்ன வேண்டும் என்று தூதரகத்தின் சரிபார்ப்புப் பட்டியலை விண்ணப்பிக்கும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கக் கடிதத்தில் படிப்பை முடிக்கத் திரும்பி வரப்போவதைத் தெளிவாக எழுதுங்கள். விசா கையில் வந்ததும் முதலில் தேதிகளைப் பாருங்கள். கடைசித் தேர்வுக்கு முன்பே முடிகிறது என்றால், அங்கே போனதும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீட்டிக்க நேரம் வாங்க வேண்டும்.

காப்பீட்டில் பலரும் இடறுகிறார்கள். இந்தியாவில் எடுத்த பயணக் காப்பீட்டை வைத்துப் பல்கலையில் சேர முடியாது. டி.கே., ஏ.ஓ.கே., பார்மர் போன்ற அங்குள்ள பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மாணவராகச் சேர வேண்டும், மாதம் 140 யூரோவைத் தாண்டும். ஆனால் அது செமஸ்டர் தொடங்கும் நாளிலிருந்துதான். விமானம் இறங்கும் நாளிலிருந்து அதுவரை இடைப்பட்ட நாட்களுக்குப் பயணக் காப்பீடும் வேண்டும்.

தங்குமிடம், முதல் இரண்டு வாரம்

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே ஸ்டூடீரென்டன்வெர்க் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். மாணவர் விடுதி, மென்ஸா எனப்படும் உணவகம் இரண்டையும் நடத்துவது அந்த அமைப்புதான். சில பல்கலைகள் பரிமாற்ற மாணவர்களுக்கென்று அறைகளை ஒதுக்கி வைத்திருக்கும். வெளியில் அறை தேடினால், அறையைப் பார்க்காமல், நேரிலோ வீடியோவிலோ ஆளிடம் பேசாமல் முன்பணம் அனுப்பாதீர்கள். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக்கூடாது என்பது அங்குள்ள சட்டம்.

போனதும் செய்ய வேண்டியவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரும். அறைக்குக் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் மாநகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் தரும் சான்று தேவை, சாவி வாங்கும்போதே கேளுங்கள். அந்தப் பதிவுச் சீட்டு இருந்தால் வங்கி வேலை எளிதாகும், வங்கிக் கணக்கு இருந்தால்தான் முடக்கக் கணக்கிலிருந்து பணம் வரும். ஆகவே முதல் மாதத்துக்கு வேண்டிய பணத்தைக் கார்டிலோ கையிலோ தனியாகக் கொண்டுபோங்கள். பிறகு செமஸ்டர் பங்களிப்புத் தொகையை (இது கல்விக் கட்டணம் இல்லை) கட்டி மாணவர் அட்டை வாங்க வேண்டும். பல ஊர்களில் அதற்குள்ளேயே பேருந்து, ரயில் சீட்டும் அடங்கிவிடும்.

சில வாரம் கழித்து ஒரு கடிதம் வரும், ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி. மோசடி என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒருவர் கட்ட வேண்டும். பகிர்ந்து வாழும் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கட்டினால் அவருடைய எண்ணை எழுதிப் பதில் போடுங்கள், முடிந்தது.

சாப்பாடு பற்றி அம்மாக்கள் கவலைப்படுவது போல அவ்வளவு கஷ்டம் இல்லை. பெரிய ஊர்களில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. 1980களிலிருந்து அங்கே வந்து குடியேறியவர்கள் அவர்கள். ஹம் நகரில் அவர்கள் கட்டி 2002இல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்மன் கோயிலின் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கோடைப் பருவத்தில் போகிறவர்களுக்கு அது தவறவிடக்கூடாத நாள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மளிகைக் கடைகள் திறந்திருக்காது என்பதை மட்டும் சனிக்கிழமை மாலைக்குள் நினைவில் வையுங்கள்.

வகுப்பறை

நம் மாணவர்கள் அங்கே தடுமாறுவது பாடம் கடினமாக இருப்பதால் அல்ல, யாரும் துரத்தாததால். பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப் பதிவு கிடையாது. இன்டர்னல் மார்க் கிடையாது. மாதத் தேர்வு கிடையாது. செமஸ்டர் முடிவில் ஒரே தேர்வு, முழு மதிப்பெண்ணும் அதில்தான். முதல் இரண்டு மாதம் ஊர் சுற்றிவிட்டு ஜூன் மாதம் விழித்துக்கொண்டவருக்கு நேரம் போதாது. விரிவுரையோடு தனியாக நடக்கும் பயிற்சி வகுப்பு இருக்கும். விரிவுரைக்குப் போகாவிட்டாலும் பயிற்சி வகுப்பை விடாதீர்கள், தேர்வுக் கேள்விகளின் பாணி அங்கேதான் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பாடத்தில் சேர்ந்தாலே தேர்வு எழுதலாம் என்று நம் ஊர் வழக்கப்படி இருந்துவிட்டால், கெடு முடிந்த பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் பலன் இருக்காது. கெடுவைப் பாடம் தொடங்கிய வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பல பாடங்களில் எழுத்துத் தேர்வுக்குப் பதில் பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாய்மொழித் தேர்வு. அதற்குப் பயப்பட வேண்டாம். மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதைவிட, "இது எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித்தான் யோசிப்பேன்" என்று தொடங்குபவருக்கு அங்கே மதிப்பெண் உண்டு. நேரத்துக்குப் பின்னால் சி.டி. என்று போட்டிருந்தால் வகுப்பு கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கும், எஸ்.டி. என்றால் சொன்ன நிமிடத்தில்.

பேராசிரியருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் மாணவர்களைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் போய்ப் பேசுங்கள். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஒரு கேள்வியோடு போங்கள். நான் இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் வற்புறுத்தச் சொன்னால் இதைத்தான் வற்புறுத்துவேன். ஆறு மாதத்தில் உங்களைப் பெயர் சொல்லி அறிந்த ஒரு பேராசிரியரோ ஆய்வகத் தலைவரோ கிடைத்துவிட்டால் இந்தப் பயணம் வேலைக்கு ஆகும். கிடைக்காவிட்டால் சான்றிதழும் போட்டோக்களும்தான் மிஞ்சும்.

படிக்கும்போது வேலை

மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. ஆனால் முடக்கக் கணக்குப் பணத்தை வேலை செய்தே சம்பாதித்துவிடலாம் என்ற கணக்கோடு போகாதீர்கள். முதல் இரண்டு மாதம் காகித வேலையிலேயே போகும், கடைசி மாதம் தேர்வு. நடுவில் கிடைப்பதில் நல்லது ஹிவி எனப்படும் ஆய்வக உதவியாளர் வேலை. வாரம் ஐந்து, ஆறு மணி நேரம் இருந்தாலும் போதும். பல்கலைக்குள் செய்யும் இந்த வேலை மேலே சொன்ன நாள் கணக்கிலும் வராது. உணவகத்தில் தட்டுக் கழுவிச் சேர்க்கும் பணத்தைவிட இது பின்னாளில் அதிகம் தரும்.

கிளம்பும் முன்

அறை ஒப்பந்தம், காப்பீடு, மொபைல், வங்கி எல்லாவற்றுக்கும் முன்னறிவிப்புக் காலம் உண்டு. எழுத்தில் ரத்து செய்யாவிட்டால் நீங்கள் சென்னையில் இருக்கும்போது அங்கே பணம் போய்க்கொண்டிருக்கும். முகவரிப் பதிவையும் நீக்கிவிட்டு அதற்கான சீட்டை வாங்குங்கள். மதிப்பெண் பட்டியல் வரச் சில வாரம், சில சமயம் மாதங்கள் ஆகும். இன்டர்நேஷனல் ஆபீசிடம் வருகை, புறப்பாடு தேதிகளோடு சான்று வாங்கி வைத்தால் இங்குள்ள அலுவலகத்தைச் சமாளிக்கலாம். படித்த பாடங்களின் விரிவான பாடத்திட்டத்தைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தளத்துக்கான உங்கள் கணக்கு செமஸ்டர் முடிந்ததும் மூடப்பட்டுவிடும்.

திரும்பிய பிறகு: வேலையும் மேற்படிப்பும்

ஒரு தவறான நம்பிக்கையை முதலில் போக்கிவிட வேண்டும். ஜெர்மனியில் படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம் தங்கலாம் என்று எல்லோரும் சொல்வது அங்கே பட்டம் வாங்கியவர்களுக்கு. பரிமாற்ற மாணவருக்கு அது கிடையாது, திரும்பித்தான் ஆக வேண்டும்.

ஆனால் கதவு மூடுவதில்லை. 2024 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் சான்சென்கார்ட்டே என்ற வாய்ப்பு அட்டை, வேலை கையில் இல்லாமலே ஒரு வருடம் வரை அங்கே போய் வேலை தேட வழி தருகிறது. சொந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட பட்டமும், ஏ1 ஜெர்மன் அல்லது பி2 ஆங்கிலமும், செலவுக்குப் பணமும் அடிப்படைத் தேவை. அதன்மேல் 6 புள்ளிகள் வேண்டும். புதிதாகப் பொறியியல் முடித்தவரை எடுத்துக்கொள்வோம். 35 வயதுக்குள் என்பதற்கு 2, ஆள் பற்றாக்குறையுள்ள துறைக்கு 1, பி1 அளவு ஜெர்மனுக்கு 2. மொத்தம் ஐந்து. முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் ஜெர்மனியில் தொடர்ந்து ஆறு மாதம் சட்டப்படி தங்கியிருந்தால் ஒரு புள்ளி உண்டு, சுற்றுலா சேராது. அந்த ஆறாவது புள்ளி பரிமாற்ற செமஸ்டரில் கிடைக்கிறது. நாலரை மாதத்தில் திரும்பியவருக்குக் கிடைக்காது. பிப்ரவரி நடுவிலேயே போகச் சொன்னது இதற்காகத்தான். முகவரிப் பதிவுச் சீட்டும் நீக்கச் சீட்டும்தான் அதற்குச் சாட்சி, எனவே பத்திரப்படுத்துங்கள்.

அங்குள்ள நிறுவனத்தின் வேலை ஆணை கையில் இருப்பவர்களுக்கு, அங்கே தங்கி வேலை செய்ய அனுமதி தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல அட்டை வழி. 2025இல் ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ இருக்க வேண்டும் என்றிருந்தது. பற்றாக்குறைத் துறைகளுக்கும், பட்டம் வாங்கி மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கும் வரம்பு இன்னும் குறைவு. இது ஆண்டுதோறும் மாறும்.

அங்கே போக விரும்பாதவர்களுக்கும் பயன் உண்டு. சென்னை, கோவை, ஓசூரைச் சுற்றியுள்ள ஜெர்மன் நிறுவனங்களில் பொறியாளர்கள் வாரம் முழுவதும் ஸ்டுட்கார்ட்டோடும் மியூனிக்கோடும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நேர்காணலில் "ஜெர்மனியில் படித்தேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த ஆய்வகம், எந்தச் சிக்கல், எந்தக் கருவி, யாரோடு, என்ன முடிவு என்று மூன்று நிமிடம் சொல்லத் தயாராக இருங்கள். சுயவிவரத்தில் அந்த செமஸ்டரைத் தனி வரியாகப் போட்டு, அதன் கீழ் செய்த ப்ராஜெக்டை எழுதுங்கள். 1956இல் தொடங்கிய இந்தோ-ஜெர்மன் வர்த்தக சபைக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. அதன் உறுப்பினர் நிறுவனங்களைத் தேடிப் பாருங்கள். பெரிய பெயர்களுக்கு அப்பால், நம் ஊரில் கிளை வைத்திருக்கும் நடுத்தர ஜெர்மன் நிறுவனங்கள் நிறைய. போட்டி அங்கே குறைவு. ஜெர்மன் பி2 வரை தொடர்ந்து படித்தவர்களுக்குத் தொழில்நுட்ப ஆவணம், வாடிக்கையாளர் தொடர்பு, கல்லூரிகளின் வெளிநாட்டு உறவு அலுவலகம் என்று வேறு வேலைகளும் திறக்கும்.

மேற்படிப்பே எண்ணம் என்றால், பரிந்துரைக் கடிதத்தைக் கிளம்பும் வாரத்திலேயே பேராசிரியரிடம் கேட்டுவிடுங்கள். ஓராண்டு கழித்து மின்னஞ்சலில் கேட்டால் அவருக்கு முகம் நினைவுக்கு வர வேண்டும். கேட்கும்போது, நீங்கள் செய்த வேலை, வாங்கிய மதிப்பெண், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். குளிர்கால செமஸ்டருக்கான பொதுக் கெடு ஜூலை 15 என்றாலும், வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் பலவற்றின் கெடு அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். ஆறாம் செமஸ்டரில் போய்த் திரும்பியவர் ஏழாம் செமஸ்டர் தீபாவளி விடுமுறையிலேயே பட்டியல் போட்டுத் தொடங்கிவிட வேண்டும்.